ஒரு மீட்டருக்குக் கீழே ஒரு மலை ரயில்: பொம்மைத் தளம் அமைப்பவர்களுக்கு

பெரிய ஜவுளிக்கடையில் பொம்மைத் தளம், அதாவது பொம்மை விற்கும் மாடி, போடுவது என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். டிசைனர் வருவார், கணினியில் படம் காட்டுவார். கூரையிலிருந்து மேகம், பலூன், தொங்கும் விமானம், தூணைச் சுற்றி ஒரு ராட்சத மரம். முதலாளிக்கு உடனே பிடித்துவிடும், ஏனென்றால் முதலாளியின் கண் தரையிலிருந்து ஐந்தடிக்கு மேலே இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம் 95 செ.மீ. கண் அதற்கும் பத்து செ.மீ. கீழே. அந்தக் குழந்தை கூரையைப் பார்ப்பது அப்பா தோளில் சாய்ந்து தூங்கப் போகும்போதுதான். மற்ற நேரமெல்லாம் அதன் முன்னால் இருப்பவை ரேக்கின் இரண்டாவது தட்டு, யாரோ ஒருவரின் கட்டைப்பை, விலைச் சீட்டு.

ஆகவே முதல் முடிவு பணம் பற்றியது. அலங்காரத்துக்கு ஒதுக்கும் தொகையில் முக்கால் பங்கு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் செலவாகட்டும். கூரைக்கு ஒரே நிறம் போதும்.

அடுத்தது கதை. காடு, கோட்டை, விண்வெளி என்று மூன்றையும் ஒரே தளத்தில் கலந்தால் எதுவும் நிற்காது. ஒரே கதை வேண்டும். அது தளத்தின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிய வேண்டும். நம் ஊர்க் குழந்தைக்குப் பாட்டி சொல்லித் தெரிந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. இங்கே நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொண்டு, 50 அடிக்கு 80 அடி, அதாவது 4,000 சதுர அடித் தளம் ஒன்றை எப்படி அமைப்பது என்று பார்ப்போம். வேறு கதை எடுத்தாலும் கணக்குகள் பெரிதாக மாறாது.

ஏன் மலை ரயில்? அது ஒரு கோடு. மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் கிளம்பி 46 கி.மீ. ஏறி ஊட்டியில் 2,203 மீட்டரில் முடிகிறது. நடுவில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனி முகம் உண்டு. பொம்மைகளை வயதுவாரியாகப் பிரிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இருக்கிறது. ஏறுகிற பாதையில் வயதும் ஏறட்டும். 'ஐந்து வயதுக்கு மேல்' என்ற பலகையைக் குழந்தை படிக்காது. 'அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம்' என்றால் ஓடும்.

இடப் பங்கீடு

ஒவ்வொரு பிரிவுக்கும் வழியிலுள்ள ஸ்டேஷனின் பெயர். நுழைவும் குகையும் 200 சதுர அடி. மேட்டுப்பாளையம் 500: மூன்று வயதுக்குள், கிலுகிலுப்பை, நடைவண்டி, மரச் சாமான். கல்லாறு 500: யானை, புலி, குரங்கு, எல்லாத் துணி பொம்மைகளும். ஹில்குரோவ் 400: பந்து, கயிறு, ஓடியாடும் சாமான். குன்னூர் 900: கட்டும் பொம்மைகளும் வண்டிகளும். கேத்தி, லவ்டேல் இரண்டும் சேர்த்து 600: சொப்பு, பொம்மை வீடு, கைவேலை, புத்தகம். ஊட்டி 500: போர்டு கேம், ரிமோட் வண்டி, பெரிய பிள்ளைகளின் சரக்கு. பில்லிங்கும் பேக்கிங்கும் 200. மீதி 200 தளத்து ஸ்டாக் ரூம்.

இதில் எல்லோரும் கைவைப்பது கடைசி வரியில்தான். 'குடோன் கீழே இருக்கிறதே, இங்கே எதற்கு ஸ்டாக் ரூம்' என்பார்கள். விட்டுக்கொடுத்தால் தீபாவளிக்கு முந்தைய வாரம் அட்டைப்பெட்டிகள் எல்லாம் ஹில்குரோவ் ஸ்டேஷனில் வந்து உட்காரும். குழந்தை ஓட வேண்டிய இடம் குடோனாகும்.

குன்னூருக்கு அதிக இடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. கட்டும் பொம்மைப் பெட்டிகள் ஒரு சதுர அடிக்கு அதிக மதிப்பு உள்ளவை. அதோடு பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து நின்று பேசி முடிவெடுக்கும் பிரிவு அது. துணி பொம்மை நேர் எதிர். இடத்தை அடைக்கும், வேகமாக நகரும், பேச்சுத் தேவையில்லை.

பிரதான நடைபாதை 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. கிளைப் பாதை 1.2 மீட்டர். சக்கர நாற்காலி திரும்ப ஒவ்வொரு ஸ்டேஷனிலும் 1.5 மீட்டர் வட்டம் வெற்றிடமாக வேண்டும். 'ஊட்டி மேலே இருக்கிற மாதிரித் தெரிய வேண்டும்' என்று தரையை உயர்த்த ஆசை வரும். சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12-ஐத் தாண்டக் கூடாது, 15 செ.மீ. உயர்த்தினால் 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். (கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரத்தில் ஏறும் பாதையின் அதிகபட்சச் சரிவும் ஏறக்குறைய அதே 1-க்கு 12தான்.) 15 செ.மீ.க்கு மேல் உயர்த்தாதீர்கள். ஒற்றைப் படி மட்டும் வேண்டவே வேண்டாம். கையில் மூன்று பையுடன், கண் ரேக்கின் மேல் இருக்க நடப்பவர்கள் தடுக்கி விழுவது அந்த ஒரு படியில்தான்.

வாசலில் ஒரு குகை

நுழைவில் பக்கத்தில் பக்கமாக இரண்டு வளைவுகள். பெரியவர்களுக்கு 2.1 மீட்டர் உயரம், 2 மீட்டர் அகலம். குழந்தைகளுக்கு 1.1 மீட்டர் உயரம், 70 செ.மீ. அகலம். தளத்திலேயே குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இந்தச் சின்ன வளைவுதான். தன் உயரத்துக்கென்று ஒரு வாசல் இருப்பதைக் கண்டவுடன் குழந்தைக்கு இந்த இடம் யாருடையது என்பது புரிந்துவிடுகிறது.

குகையின் நீளம் ஒன்றரை மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் உள்ளே போன பிள்ளை நான்கு விநாடி கண்ணில் படாது, அம்மா பதறுவார், அடுத்த முறை விடமாட்டார். இரண்டு வளைவுக்கும் நடுச்சுவரில் 60 செ.மீ. உயரத்தில் ஜன்னல் துளைகள் வையுங்கள். துளையின் அளவில் கவனம்: 89 மி.மீ.க்கும் 230 மி.மீ.க்கும் இடைப்பட்ட திறப்பில் உடல் நுழைந்து தலை மாட்டும். விளையாட்டுத் திடல்களுக்கான தர விதிகள் சொல்லும் அளவு இது. விரலுக்கு 8 மி.மீ. முதல் 25 மி.மீ. வரை ஆபத்து. ஆக, ஜன்னல் 80 மி.மீ. வட்டம் அல்லது அதற்குக் கீழ். கைப்பிடி, தடுப்புக் கம்பி, ரேக்கின் பக்கவாட்டு இடைவெளி என்று எல்லாவற்றையும் இதே இரண்டு அளவுகளால் சோதியுங்கள். சைட்டில் 89 மி.மீ. அகலத்தில் ஒரு மரக்கட்டையும் 8 மி.மீ. ராடும் பையில் இருந்தால் போதும்.

புகை வேண்டும் என்று யாராவது கேட்பார்கள், மலை ரயில் ஆயிற்றே. மேடைப் புகை இயந்திரம் தீயணைப்பு அலாரத்தைக் கிளப்பும். அலாரம் கிளம்பாமலிருக்க யாரோ டிடெக்டரை மூடி டேப் ஒட்டுவார்கள். அதன் பிறகு நிஜப் புகை வந்தாலும் அடிக்காது. யூகலிப்டஸ் வாசனை அடிப்பதும் அழகான யோசனைதான். கைக்குழந்தைகளுக்கு அந்த எண்ணெய் ஆகாது, ஏசி குழாய் வழியாகப் பட்டுப் பிரிவு வரை போகும். இரண்டையும் விட்டுவிடுங்கள். குளிருக்கு மட்டும் ஒரு எளிய வழி: ஏசியின் முதன்மைக் குழாய் இறங்கும் மூலையில் ஊட்டியை வையுங்கள். இரண்டு டிகிரி குறைந்தாலே பெரியவர்கள் 'அட' என்பார்கள்.

நிறமும் வெளிச்சமும்

பொம்மைப் பெட்டிகளே கத்துகின்றன. சிவப்பு, மஞ்சள், பளபளக்கும் ஊதா. பின்னால் சுவரும் கத்தினால் எதுவும் கேட்காது. சுவருக்குத் தேயிலைப் பச்சை, பாறைச் சாம்பல். ரேக்கின் பக்கங்களுக்கு அந்த ரயில் பெட்டியின் நீலமும் கிரீமும். அவ்வளவுதான் நிறம். பிரபலமான எலியையோ வாத்தையோ உள்ளூர் ஓவியரை வைத்துச் சுவரில் வரைவது செலவு மிச்சம் போலத் தோன்றும். உரிமம் இல்லாத உருவத்துக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். நீலகிரி வரையாட்டுக்கு யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

வெளிச்சம் மேட்டுப்பாளையத்தில் 3000 கெல்வின் (விளக்கின் நிற அளவு) மஞ்சளாகத் தொடங்கி, குன்னூரில் 4000, ஊட்டியில் 5000 என்று மாறட்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள், உடம்பு கவனிக்கும். பொது வெளிச்சம் 300 லக்ஸ், பொருள்மேல் 900 என்ற மூன்று மடங்கு வித்தியாசம் போதும். டிராக் லைட்டைக் குழந்தையின் கண்ணில் அடிக்காதபடி திருப்ப, ஒருவர் முட்டி போட்டு நடந்து பார்க்க வேண்டும். நின்றபடி திருப்பினால் மூன்றில் ஒன்று நேராகக் கண்ணில் அடிக்கும். எல்.இ.டி. பட்டை ஐந்து வருடம் உழைக்கும் என்பார்கள். உழைக்கும், முதலில் போவது டிரைவர், அதாவது பட்டைக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு பெட்டி. ஃபால்ஸ் சீலிங்குக்குள் சூட்டில் வைத்த டிரைவர் ஒரு கோடையைத் தாண்டுவதே பெரிது. எல்லா டிரைவரையும் கதவு திறந்து எட்டும் இடத்தில் ஒரே பெட்டியில் வையுங்கள்.

ஓடும் ரயில்

பெரும்பாலான கடைகளில் ரயில் கூரைக்குக் கீழே ஓடுகிறது. குழந்தைக்குத் தெரிவது அதன் அடிப்பாகம். தண்டவாளத்தை 85 செ.மீ. உயரத்தில், சுவரோடு ஒட்டிய பள்ளத்தில், 5 மி.மீ. பாலிகார்பனேட் மூடிக்குள் ஓடவிடுங்கள். 45 மி.மீ. இருப்புப்பாதை அளவுள்ள பெரிய மாடல் ரயில்தான் கடைக்குத் தாங்கும். வளைவின் ஆரம் 60 செ.மீ. போதும் என்று பெட்டியில் போட்டிருக்கும். 90-க்குக் குறைத்தால் சக்கர விளிம்பு தேயும்.

ஒன்றைக் கவனியுங்கள். கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, முன்னாலிருந்து இழுப்பதில்லை. மாடலில் எஞ்சினை முன்னால் மாட்டினால் ஒருமுறை அந்த ரயிலில் போன எட்டு வயதுப் பையன் கண்டுபிடித்துச் சத்தம் போட்டுச் சொல்வான். ஆனால் பெட்டிகளைத் தள்ளும் ரயில் வளைவில் எளிதில் தடம் புரளும். அதனால் முதல் பெட்டியின் அடியில் சற்று எடை சேர்க்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நாள் முழுக்க ஓடவிடாதீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, மூன்று நிமிடம். கிளம்பும் முன் ஸ்டேஷன் மணி அடிக்கட்டும். ஓடிக்கொண்டே இருக்கும் ரயிலைக் குழந்தை இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும். வரப்போகும் ரயிலுக்காகக் கால் மணி நேரம் நிற்கும், குடும்பமும் நிற்கும். மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷும் ஐந்து மடங்கு நாள் வரும்.

ஜவுளிக்கடைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. கட்டடம் முழுக்கத் துணி பிரிப்பதால் பஞ்சுத் தூசு காற்றில் மிதக்கிறது. அது சக்கர அச்சில் நூலாகச் சுற்றி, இரண்டு வாரத்தில் ரயில் திணறும். கடை திறக்கும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தை ஒருமுறை துடைப்பதும், வாரம் ஒருநாள் அச்சில் சுற்றிய நூலை இடுக்கியால் எடுப்பதும் போதும். ஆனால் அதற்கு மூடி கழல வேண்டும். நான்கு ஸ்க்ரூ போட்டு மூடியதை யாரும் திறக்க மாட்டார்கள்; கீல் வைத்து, சாவி போட்டுத் திறப்பதைத் திறப்பார்கள். இரண்டு எஞ்சின் வாங்குங்கள். ஒன்று ஓடும், ஒன்று ஓய்வில்.

பல்சக்கரம்: குழந்தை சுற்றும் பொறி

குன்னூரின் நடுவில் இருக்க வேண்டியது இது. குழந்தை ஒரு சக்கரத்தைச் சுற்றினால் சிறிய ரயில் மலை ஏறுகிறது. கடையில் எத்தனை திரை வைத்தாலும் இதற்கு ஈடாகாது, ஏனென்றால் ஏறுவது தன் பலத்தால் என்று பிள்ளைக்குத் தெரிகிறது.

சரிவுப் பலகை ஒன்றரை மீட்டர் நீளம். உண்மைச் சரிவான 1-க்கு 12 வைத்தால் தட்டையாகத்தான் தெரியும். 1-க்கு 5 வையுங்கள். நடுவில் நைலான் பல்பட்டை, மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) 4. அதில் ஓடும் பல்சக்கரம் 20 பல், விட்டம் 80 மி.மீ. ஒரு சுற்றுக்கு ரயில் 25 செ.மீ. நகரும், ஆறு சுற்றில் உச்சி. மூன்று சுற்றில் ஏறினால் சவால் இல்லை, பன்னிரண்டு என்றால் பின்னால் வரிசை நிற்கும். இரும்புப் பல் வேண்டாம்: சத்தம், எண்ணெய், விரலுக்கு ஆபத்து. நைலான் தேயும், ஆனால் அமைதியாகத் தேயும். இரண்டு செட் உதிரி வெட்டி வையுங்கள்.

கைப்பிடி தரையிலிருந்து 60 செ.மீ. உயரம். நீட்டிக்கொண்டிருக்கும் வளைகம்பிப் பிடி கூடாது. ஒருவன் சுற்றும்போது பக்கத்தில் நிற்கும் தங்கை முகத்தில் அடிக்கும். 20 செ.மீ. விட்டமுள்ள கனமான மரத்தட்டு, விளிம்பில் மேடுபள்ளம், அதுதான் சரி. அச்சுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே நழுவும் கிளட்ச் கட்டாயம். உச்சிக்கு வந்த பிறகும் பிள்ளைகள் சுற்றுவார்கள், இரண்டு பேர் எதிரெதிராகவும் சுற்றுவார்கள், சில சமயம் அப்பா வந்து தன் பலத்தைக் காட்டுவார். கிளட்ச் இல்லையென்றால் முதல் ஞாயிற்றுக்கிழமையே பல் உடையும். அடுத்து உடைவது செட் ஸ்க்ரூ. அச்சில் பல்சக்கரத்தைச் சிறு திருகால் மட்டும் இறுக்கியிருந்தால் அது தளர்ந்து, கை சுற்றும், ரயில் நகராது. அச்சைத் துளைத்துக் குறுக்கே பின் அடிக்கச் சொல்லுங்கள். ஃபேப்ரிகேட்டர் முணுமுணுப்பார், செய்துவிடுவார்.

மூடிக்கும் சரிவுக்கும் இடையே 5 மி.மீ.க்கு மேல் சந்து கூடாது. அப்படியும் ரப்பர் பேண்ட், நாணயம், பாதி சாக்லேட் உள்ளே போகும். அடியில் இழுத்துக் கொட்டும் தட்டு ஒன்று வையுங்கள்.

யானை

கல்லாற்றில் ஃபைபர் யானை ஒன்று நிற்க வேண்டும் என்று எல்லோரும் விரும்புவார்கள்; நிற்கட்டும். ஆனால் உட்காரக்கூடியதாகத் தெரிகிற எதுவும் இருக்கைதான். 'ஏறாதீர்கள்' என்ற பலகை அதன்மேல் ஏறி நின்று எடுக்கும் செல்ஃபியில் அழகாக விழும். மூன்று பிள்ளைகளும் அவர்களைப் பிடித்துச் சாயும் ஒரு பெரியவரும் என்று 250 கிலோவுக்குக் கணக்கிட்டு, உள்ளே இரும்புக் கூடு வைத்து, தரையில் ஆங்கர் போல்ட் அடித்து நிறுத்துங்கள். முதலில் உடைவது வால், பிறகு காது ஓரம், பிறகு தந்தம். வாலை உடம்போடு ஒட்டிய புடைப்பாகவே வார்க்கச் சொல்லுங்கள். தந்தத்தின் நுனி கண்ணுயரத்தில் இருக்கிறது. பெண் யானையாக்கிவிட்டால் பிரச்சினையே இல்லை. ஃபைபருக்குத் தீத்தடுப்பு ரெசின் என்று ஆர்டரில் எழுதி வாங்குங்கள். தெர்மாகோல் ஒரு துண்டுகூட வேண்டாம். அது உருகிச் சொட்டிக்கொண்டே எரியும்.

துணி பொம்மைகளை ஆழமான கூடையில் குவிக்கக் கூடாது. 45 செ.மீ.க்கு மேல் ஆழமிருந்தால் அடியில் கிடப்பவை நசுங்கி, காது மடங்கி, சீசன் முடிவில் தள்ளுபடிக்குப் போகும். இலைப்படுக்கை போலச் சாய்வான தட்டுகள் நல்லது. ஏசி தண்ணீர் சொட்டும் இடம் மேலே இல்லையா என்று பார்த்த பிறகே கல்லாறு எங்கே என்று முடிவெடுங்கள்.

மரவேலையில் சொல்ல வேண்டியது ஒன்றே. 18 மி.மீ. பிளைவுட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டினால் குழந்தைகள் ஆறு வாரத்தில் நகத்தால் உரித்துவிடுவார்கள். ஆசாரியிடம் மர பீடிங் அடித்து 20 மி.மீ. உருட்டித் தரச் சொல்லுங்கள்.

தொட்டுப் பார்க்கும் பொம்மைகள்

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மூன்று டெமோ பீஸ், அதற்கு மேல் வேண்டாம். உயரம் 50 முதல் 70 செ.மீ. கட்டி வைக்கும் கயிறு 22 செ.மீ.க்குள், நீண்டால் கழுத்தில் சுற்றும். பேட்டரி பொம்மையின் பேட்டரி சனிக்கிழமை மாலை தீர்ந்து ஞாயிறு முழுக்க ஊமையாகக் கிடக்கும். ஆகவே பேட்டரியை எடுத்துவிட்டு அடாப்டர் கொடுங்கள்: மூன்று செல் பொம்மைக்கு 4.5 வோல்ட், நான்கு செல்லுக்கு 6. ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான் தரும். நான்கு சேர்ந்தால் 4.8. சில பொம்மைகள் அதில் ஓடும், சில சோர்ந்து பாடும். சோர்ந்து பாடும் பொம்மையை யாரும் வாங்குவதில்லை. பொத்தான் பேட்டரி உள்ளதும் சிறு காந்தம் உள்ளதும் டெமோவுக்கு வரவே கூடாது. சிறு பாகம் எது என்பதற்கு 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளை கிடைக்கும். அதற்குள் முழுதாக நுழைவது எதுவும் மேட்டுப்பாளையத்தில் இருக்கக் கூடாது.

சத்தம் போடும் பொம்மைகளை ஒரே ரேக்கில் அடுக்காதீர்கள். நான்கு மீட்டருக்கு ஒன்று. பின்னணி ஒலி அரை மணி நேரத்துக்குக் குறைவான சுழற்சியாக இருந்தால் தளத்து ஊழியர்கள் நாலாம் நாள் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பத்து மணி நேரம் கேட்பவர்கள் அவர்கள். மழை, தூரத்து விசில், பறவை, இடையில் நீண்ட மௌனம். அதுவே மலை.

வாங்கும் சரக்கைப் பற்றி: 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர் செய்து விற்பதற்கும், புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்த் தலையாட்டி, சென்னபட்டணா மரப்பொம்மை போன்றவற்றை அங்கீகரிக்கப்பட்ட பயனாளரே செய்யும்போதும் விலக்கு உண்டு. அதற்கான சான்று நகலும் பில்லும் தளத்திலேயே ஒரு கோப்பில் இருக்கட்டும். இவற்றை 'கைவினை மூலை' என்று ஒதுக்காமல் மேட்டுப்பாளையத்தின் முதல் தட்டிலேயே வையுங்கள். தள்ளினால் எழுந்துவரும் தலையாட்டியை விட நல்ல டெமோ பீஸ் எது?

டிக்கெட், முத்திரை, பட்டுப்புடவை

வாசலில் குழந்தைக்கு ஒரு அட்டை டிக்கெட். அந்தக் காலத்து அசல் டிக்கெட் 57 மி.மீ.க்கு 31 மி.மீ.; சின்னக் கையில் தொலைந்துபோகும், இரண்டு மடங்கு பெரிதாக அடியுங்கள். அதில் ஏழு ஸ்டேஷன் பெயர், ஏழு வட்டம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு குறி விழ வேண்டும். குடும்பம் தளத்தின் கடைசி மூலை வரை நடப்பது இந்த அட்டையால்தான். இல்லையென்றால் பாதிப் பேர் கல்லாறோடு திரும்பிவிடுவார்கள்.

குறிக்கு ரப்பர் ஸ்டாம்ப் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். மை கையில், கை அம்மாவின் முகூர்த்தப் புடவையில், புடவை இரண்டு மாடி கீழே உங்களிடமே வாங்கியது. பித்தளைத் தகட்டில் புடைப்புச் சித்திரம் வெட்டி, அட்டையை மேலே வைத்து மெழுகு கிரேயானால் தேய்க்கச் செய்யுங்கள். கல்லாற்றில் யானை, ஹில்குரோவில் குரங்கு, குன்னூரில் பல்சக்கரம். இதற்கு ஆள் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. அட்டை கெட்டியாக இருந்தால் சித்திரம் விழாது, 200 ஜி.எஸ்.எம். (தாளின் எடை அளவு) சரி, 300 என்றால் மங்கல். கிரேயான் திருட்டுப் போகும், போகட்டும், மாதம் இரண்டு பெட்டி.

பில் கவுண்டர் டிக்கெட் கவுண்டராக இருக்கும். அதன் முன்னால் 50 முதல் 200 ரூபாய் வரை உள்ள சாமான் கூடை ஒன்று. பெரிய பொம்மை கிடைக்காத பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாமலிருக்க அது பெற்றோருக்கே உதவும். ஆனால் விலை தெரியாத பொருளைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு அழுகையை வைத்து விற்பது வேறு. ஒவ்வொரு பொருளின் விலையும் முன்பக்கம், 1.2 மீட்டர் உயரத்துக்கு மேல், பெரியவர் குனியாமல் படிக்கும்படி இருக்கட்டும். நம்பிக்கை வந்தால்தான் அடுத்த பிறந்தநாளுக்கும் வருவார்கள்.

நிற்பவர்கள், உட்காருபவர்கள்

லண்டனில் 1760-ல் தொடங்கிய ஹாம்லீஸ் கடையின் பேர் இன்றும் நிற்பதற்கு அலங்காரம் மட்டும் காரணமில்லை. தளத்தில் நின்று பொம்மையை விளையாடிக் காட்டும் ஆட்கள் பெரிய காரணம். உங்கள் தளத்திலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருவராவது விளையாடிக் காட்டத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். பம்பரம் சுற்றத் தெரியாதவரைப் பம்பரம் விற்க நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு உட்கார இடமும் வேண்டும். ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தையே திருத்தினார்கள். ஸ்டேஷன் பெஞ்சு இந்தக் கதைக்கு இயல்பாகவே பொருந்தும். 45 செ.மீ. உயரம், சாய்மானத்தோடு, ஸ்டேஷனுக்கு ஒன்று. பாட்டி அதில் உட்கார்ந்தால் அந்தக் குடும்பம் இன்னும் இருபது நிமிடம் இருக்கும்.

தீ வழி: தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கில் மேல்மாடி விற்பனைத் தளத்துக்கு ஆறு சதுர மீட்டருக்கு ஒருவர். 372 சதுர மீட்டருக்கு 62 பேர். தீபாவளி ஞாயிறு எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும். வாசல் அகலத்தை அந்தக் கூட்டத்துக்குக் கணக்கிடுங்கள், 62-க்கு அல்ல. மலைக்காட்சியைப் பின்னணியாக வரையும் உற்சாகத்தில் அவசர வழிக் கதவின் மேலும் மரம் வரைந்துவிடுவார்கள். கதவு கதவாகவே தெரிய வேண்டும். தீயின்போது தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலைக்குக் கீழே 45 செ.மீ. காலி, எந்த மலை உச்சியும் அதற்குள் நுழையக் கூடாது.

எப்போது திறப்பது

ஆடித் தள்ளுபடிக்கு முன். தீபாவளிக்குத் திறக்கலாம் என்று இழுத்தால் பழுது பார்க்க நேரமே இருக்காது. ஆடியில் திறந்தால் எது உடைகிறது, எங்கே கூட்டம் தேங்குகிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு மாதம் கிடைக்கும். அதற்கும் முன்னால், ஆசாரி மரம் அறுக்கும் முன்பே, ஒரு ஸ்டேஷனை மட்டும் அட்டைப்பெட்டியால் முழு அளவில் கட்டி, ஊழியர்களின் பிள்ளைகள் பத்துப் பேரை ஒரு மணி நேரம் உள்ளே விடுங்கள். யாரும் எதுவும் சொல்லித் தர வேண்டாம். அட்டை எங்கே கிழிகிறதோ அங்கே இரும்பு வையுங்கள். யாரும் தொடாத இடத்தில் செலவு செய்யாதீர்கள்.

தளத்தில் ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர். காலை கடை திறக்கும் முன் தண்டவாளம், கிளட்ச், கயிறு, கிரேயான், யானையின் போல்ட் என்று அரை மணி நேரம் அவர் வேலை. கையெழுத்துப் போட ஒரு நோட்டு. நவராத்திரி வரும்போது கேத்தியின் ஒரு பகுதி கொலு பொம்மைக்குப் போகும். அவை மண், 1.2 மீட்டருக்கு மேலுள்ள தட்டில்தான் வைக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மூன்று நாள் டெமோ பீஸ் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வையுங்கள், பல்சக்கரத்தைப் பூட்டுங்கள், குகையின் சின்ன வளைவைக் கயிறு கட்டி மூடுங்கள். அந்தக் கூட்டத்தில் குழந்தை தோளிலோ இடுப்பிலோதான் இருக்கும். ரயிலை மட்டும் நிறுத்த வேண்டாம். அந்த மூன்று நாளைக்கு அது ஓடுவதை விட மணி அடிப்பதே முக்கியம். மூடிச் சாவி ஸ்டேஷன் மாஸ்டரின் சட்டைப் பையில் இருக்கட்டும்.